ஹைபேஷியா என்கின்ற பெயர்

இங்கிலீஷ்காரர்கள் ஒருவனுடைய சொந்தப் பெயருக்குக் "கிறிஸ்தவப் பெயர்" என்றே நெடுங்காலம் பெயர் வைத்திருந்தார்கள். குடும்பப் பெயர் தகப்பன் வழியில் வரும். அதற்கு முன்னால் நிற்கும் பெயரோ, பாதிரி ஞானஸ்நானம் கொடுக்கும்போது தண்ணீரோடு சேர்ந்து குழந்தையின் தலையில் விழும். தாய் முகத்தைக் கூடச் சரியாக அறியாத சிசுவின் மேல் மதம் தன் முத்திரையைக் குத்துகின்ற இடம் அதுதான். ஜான், மேரி, பீட்டர் என்பவையெல்லாம் அப்படித் தெருவெங்கும் நிறைந்தவை. நம் வீட்டில் பெயர் வைக்கப் பஞ்சாங்கத்தோடு வந்து உட்காருகின்றவரை வாசகர்கள் நினைத்துக் கொண்டால் போதும்.

அப்படிப்பட்ட தேசத்தில் 1858-ம் வருஷத்தில், சார்லஸ் பிராட்லா என்கின்ற நாஸ்திகர் தமது இரண்டாவது பெண் குழந்தைக்கு ஹைபேஷியா என்று பெயரிட்டார். கிரேக்க பாஷையில் "மிக உயர்ந்தது" என்று அர்த்தமுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் பிராட்லா அர்த்தத்திற்காகவா அதை வைத்தார்?

எகிப்து தேசத்து அலெக்ஸாண்ட்ரியா பட்டணத்தில் தியான் என்னும் கணித பண்டிதருக்கு ஹைபேஷியா என்று ஒரு மகள் இருந்தார். கணிதமும் வானசாஸ்திரமும் தத்துவமும் கற்று, ஆண்களுக்கே பாடம் சொன்னவர். பட்டணத்துக் கவர்னரும் அவரிடம் யோசனை கேட்பதுண்டு. அந்தக் கவர்னருக்கும் சிரில் என்கின்ற பிஷப்புக்கும் பகை முற்றியிருந்தது. இருவரும் சமாதானமாகாமல் தடுப்பவர் இந்த அம்மையாரே என்று கிறிஸ்தவர்களுக்குள் வதந்தி கிளம்பிற்று. 415-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், வண்டியில் சென்ற அவரைப் பீட்டர் என்னும் சர்ச்சு ஊழியன் தலைமையில் ஒரு கூட்டம் வழிமறித்தது. சர்ச்சுக்குள்ளேயே இழுத்துப் போய், ஆடையை உரிந்து, ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலைத் துண்டு துண்டாக்கி நெருப்பிலிட்டது. இதை எழுதி வைத்தவர் நாஸ்திகரல்ல. சாக்ரட்டீஸ் என்ற பெயருடைய கிறிஸ்தவச் சரித்திரக்காரர். (விஷங்குடித்த சாக்ரட்டீஸ் வேறு.)

நிற்க, நம்மவர்களிலும் சிலர் இந்தக் கதையைக் கூட்டிச் சொல்லுகின்றார்கள். அந்த அம்மையார் நாஸ்திகரல்ல. பிளேட்டோ வழியில் நின்ற தத்துவக்காரர். அவரிடம் படித்த சைனேசியஸ் என்பவர் பின்னால் பிஷப்பாகவே ஆனார். கொலைக்குச் சிரில் நேரில் உத்தரவு கொடுத்தாரென்பதற்கும் ருஜு இல்லை. நடந்ததே இவ்வளவு கொடுமையாயிருக்கும்போது அதற்குக் கை கால் வைக்க வேண்டிய அவசியமென்ன?

இனி வேடிக்கையைப் பாருங்கள். அந்தச் சிரிலைச் சர்ச்சு பரிசுத்தவானாக்கிற்று. 1882-ல் போப் 13-வது லியோ அவருக்குத் திருச்சபையின் ஆசான் என்கின்ற பட்டமும் கொடுத்தார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சிரில் என்பது சர்வ சாதாரணப் பெயர். அப்பெயரில் வேறு பரிசுத்தவான்களும் உண்டு. வைத்த தாய்மாரில் அநேகருக்கு அலெக்ஸாண்ட்ரியா சங்கதியே தெரிந்திராது. இருந்தாலும் பிஷப்பின் பெயர் தொட்டிலுக்குத் தொட்டில் போயிற்று. படித்த பெண்ணின் பெயரோ எங்கோ ஒரு வீட்டில்தான் கேட்டது. அவ்வளவுக்கும் அது தெரியாத பெயரல்ல. 1853-லேயே கிங்ஸ்லி என்னும் பாதிரியார் அவரைப் பற்றி நாவல் எழுதி, பெயர் பிரசித்தமாகிவிட்டது. நாவலை அலமாரியில் வைத்தார்களே ஒழிய, பெயரைக் குழந்தைக்கு வைக்கவில்லை.

பிராட்லா வைத்தார். 1880-ல் நார்தாம்ப்டன் ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தும், பிரமாணத் தகராறைக் கிளப்பி 1886 வரையில் பார்லிமெண்டில் உட்கார விடாமல் அடித்தார்கள். அப்படிப்பட்டவர் வைத்த பெயர் கேட்பவர்களை "இது யார் பெயர்?" என்று கேட்க வைக்கும். கேட்டால் சர்ச்சுக்குள் நடந்த கொலையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? 1930-களில் நம் நாட்டில் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்று பெயர் வைத்ததைக் கண்டு சிரித்த பண்டிதர்களுக்கு இந்தச் சூட்சுமம் விளங்கவில்லை.

பிராட்லாவோடு ஒரே மேடையில் நாஸ்திகம் பேசிய அன்னிபெசண்டு அம்மையார் பிற்காலத்தில் தியாசபியில் விழுந்து, அடையாறுக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களைப் பற்றிப் பேசினார். மகள் ஹைபேஷியா அப்படி மாறவில்லை. 1891-ல் தகப்பனார் இறந்ததும், கடைசி மூச்சில் கடவுளைக் கூப்பிட்டாரென்று புரளி கட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால், வியாதியில் கிடந்தபோது மதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று, கூட இருந்து பார்த்துக்கொண்ட தாதிகளிடம் கையெழுத்தே வாங்கி வைத்துக்கொண்டார். அப்படியும் புரளி நிற்கவில்லை. பல வருஷம் மறுத்தெழுத வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தினால், 1935-ல் தமது 77-ம் வயதில் சாவதற்கு முன், தம் கொள்கையில் எவ்வித மாறுதலுமில்லை என்று தாமே ஒரு காகிதத்தில் எழுதி, ஹைபேஷியா பிராட்லா பான்னர் என்று கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார்.