சாலையோரத்து மக்களுக்கு ஓட்டு வேண்டும்

லாங் பீச் துறைமுகத்திலிருந்து கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் நோக்கிப் போகும் 710-ஆம் எண் விரைவுச்சாலையை அகலப்படுத்தும் திட்டம், இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் வளர்ந்து 2022 மே மாதத்தில் கைவிடப்பட்டது. மெட்ரோ எனப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி போக்குவரத்து ஆணையம் 2018-ல் ஒப்புக்கொண்ட வடிவத்தின் செலவு சுமார் 600 கோடி டாலர். திசைக்கு ஒரு தடம் கூட்ட நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் இடிபட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஏப்ரலில் புதிய முதலீட்டுத் திட்டம் ஒன்று நிறைவேறியது. பேருந்து, நடைபாதை, சைக்கிள் தடம், புகையில்லா லாரி எனப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்தத் திட்டத்தை வரைந்த மேசையில் சாலையோரக் குடியிருப்பாளர் குழுவுக்கும் நாற்காலி போடப்பட்டது. உள்ளூர் விற்பனை வரியிலிருந்து 74.3 கோடி டாலர் இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் அந்த மக்களுக்குக் கிடைத்திருப்பது பேசும் இடம் மட்டுமே. பணம் எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று முடிவெடுக்கும் இடத்திலும் அவர்களுக்கு ஓட்டு இருக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

அமெரிக்காவுக்குக் கப்பலில் வரும் கண்டெய்னர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று லாங் பீச், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இரட்டைத் துறைமுகங்களில்தான் இறங்குகிறது. அதில் கணிசமான பகுதி லாரி ஏறி, இந்தச் சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணித்து, காமர்ஸ், வெர்னன் பக்கத்து ரயில் யார்டுகளில் மறுபடி இறங்கி, ரயிலேறி நாட்டின் உட்பகுதிக்குப் போகிறது. காமர்ஸில் சில தெருக்களுக்கு ஒரு பக்கம் யார்டு, மறுபக்கம் விரைவுச்சாலை. எந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாலும் டீசல் புகைதான். இந்தப் பாதை நெடுக வாழும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் லத்தீனோ, கறுப்பின உழைப்பாளிக் குடும்பத்தினர். ‘டீசல் சாவு மண்டலம்’ என்று அங்குள்ளவர்கள் இந்தப் பட்டையைக் குறிப்பிடுவதில் மிகை ஏதுமில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று 2012-ல் உறுதிப்படுத்தியது. விரைவுச்சாலையிலிருந்து 500 அடிக்குள் வீடும் பள்ளியும் கட்ட வேண்டாம் என்று கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியமே 2005-ல் அறிவுரை சொல்லியிருக்கிறது. வீடுகள் ஏற்கெனவே நிற்கும் இடத்தில் சாலை வீடுகளை நோக்கி நகர்ந்தால் என்ன செய்வதென்ற கேள்விக்கு அந்த அறிவுரையில் பதில் கிடையாது.

மக்கள் தாமதமாக விழித்துக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் அகலப்படுத்தும் திட்டத்தின் வரைவு அறிக்கை வெளிவந்தபோதே, உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து ‘7-ஆம் மாற்று’ என்ற பெயரில் தங்கள் திட்டத்தை முன்வைத்தன. பொதுத் தடங்களைக் கூட்டக்கூடாது, சரக்குக்கென்று தனித்தடம் போடுவதானால் புகையில்லா லாரிகளுக்கு மட்டுமே, பேருந்து வசதி பெருக வேண்டும், சாலையை ஒட்டி ஓடும் ஆற்றின் கரை சீராக வேண்டும் என்பவை அதன் சாரம். அதை முழுமையான ஒரு மாற்றாக எடுத்து யாரும் ஆராயவில்லை. மணிக்கு எத்தனை வாகனம் கடக்கிறது என்பதையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டால், குழந்தையின் மூச்சிரைப்பு அந்தக் கணக்கில் ஏறாது. கடைசியில் திட்டத்தை முடக்கியது மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. திட்டம் கரித்துகளைக் கூட்டாது என்பதை முறையாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டுமென 2021-ல் அது வற்புறுத்தியது. கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதது, சட்டம் கேட்டதும் கிடைத்தது.

அகலப்படுத்தாவிட்டால் லாரிகள் நெரிசலில் நின்று இன்னும் புகை கக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதே மாநகரில் 405-ஆம் எண் சாலையில் நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி 2014-ல் முடித்த விரிவாக்கத்தால் நெரிசல் தீர்ந்துவிடவில்லை. ஹியூஸ்டனின் கேட்டி விரைவுச்சாலை 2008-ல் நாட்டின் மிக அகலமான சாலைகளுள் ஒன்றானது. சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் முன்னைவிட நீண்டது. இடம் கிடைத்தால் வண்டி வந்து நிரப்பும். சரக்குக்கு வேறு வழியே இல்லை என்பதும் சரியில்லை. கண்டெய்னரைக் கப்பல்துறையிலேயே ரயிலில் ஏற்றும் வசதியை லாங் பீச் துறைமுகம் 150 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் விரிவாக்கிவருகிறது. அங்கே ஏறும் ஒவ்வொரு பெட்டியும் 710-இல் ஒரு லாரியைக் குறைக்கும்.

லாரி ஓட்டுநர்களின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. மின் லாரியின் விலை டீசல் லாரியின் விலையைப்போல் இரு மடங்குக்கு மேல். துறைமுக லாரிகளில் பல, சொந்த வண்டிக்குத் தவணை கட்டும் ஓட்டுநர்களுடையவை. 2008-ல் பழைய லாரிகளுக்குத் தடை வந்தபோது காற்று வெகுவாகச் சுத்தமானது உண்மை. புதிய லாரி வாங்கும் சுமையைக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டவர்கள் ஓட்டுநர்கள் என்பதும் உண்மை. அவர்களில் பலர் இதே சாலையோரத்தில் குடியிருப்பவர்கள். ஆகவே செலவைச் சரக்கின் உடைமையாளர்தான் ஏற்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் துறைமுகங்கள் 20 அடி கண்டெய்னருக்கு வசூலிக்கும் சுத்த லாரி நிதிக் கட்டணம் 10 டாலர். உள்ளே இருக்கும் பண்டத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. அதைப் பன்மடங்காக்கத் தயங்க வேண்டியதில்லை. குடியிருப்பாளர் குழுவுக்கு ஓட்டு என்றால், கூட்டத்துக்கு வரும் நாலு பேர் எப்படி லட்சக்கணக்கானோருக்காகப் பேச முடியும் என்ற ஆட்சேபமும் கேட்கிறது. மெட்ரோ வாரியத்தில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் 710-க்குப் பக்கத்தில் வசிக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் கேட்கலாம்.

இப்போது அவசரம் வேறு சேர்ந்துகொண்டது. துறைமுக லாரிகள் 2035-க்குள் புகையற்றவையாக மாற வேண்டும் என்ற விதிக்கு மத்திய அனுமதி கேட்ட மனுவைக் கலிஃபோர்னியா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது. மின் லாரி விற்பனையைக் கட்டாயமாக்கும் மாநில விதிக்கு இருந்த அனுமதியை ஜூன் மாதம் வாஷிங்டன் ரத்துசெய்தது. 2021-ல் கைகொடுத்த மத்திய முகமை அடுத்த முறையும் வரும் என்று நம்பி உட்கார முடியாது. புதிய திட்டத்திலோ சந்திப்பு மேம்பாடு என்ற பெயரில் விரைவுச்சாலைப் பணிகளும் இருக்கின்றன. விபத்தைக் குறைக்கும் பணிகள் தேவைதான். ஆனால் சந்திப்புகளை ஒவ்வொன்றாக விரித்தால், முன்வாசலில் துரத்திய அகலப்படுத்தல் கொல்லைப்புறமாக வந்து சேரும். இந்தப் பணிகள் எதற்கும் பணம் விடுவிக்கும் முன், எத்தனை வீடு போகும், கரித்துகள் கூடுமா குறையுமா என்ற கணக்கைக் குடியிருப்பாளர் குழுவிடம் வைத்து, அதன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று மெட்ரோ வாரியம் விதியாகவே எழுதட்டும். குழு மறுக்கும் பணியின் ஒதுக்கீடு பேருந்துக்கும், பள்ளிகளில் காற்று வடிகட்டிக்கும் மாறட்டும்.