கடல் வழி குறுக்கா?

அந்தமானின் போர்ட் பிளேரில், அபர்டீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் மெயின்லேண்ட் பேச்சு எழுந்தால் இந்தக் கணக்கும் கூடவே வந்துவிடும்: சென்னைக்குக் கப்பலில் 1,190 கி.மீ., விமானத்தில் 1,370 கி.மீ. சுற்றுலாக் கையேடுகளும் முதல் எண்ணை விடாமல் அச்சடிக்கின்றன. கேட்பவர், 'விமானம்தான் சுற்றிப் போகிறது, கப்பல் குறுக்கே போகிறது' என்று முடிவுகட்டிவிடுகிறார்.

அதற்கு வழியே இல்லை. சென்னைத் துறைமுகம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 80.3 பாகையில், போர்ட் பிளேர் (2024இல் அரசு வைத்த பெயர் ஸ்ரீ விஜயபுரம்) 92.7 பாகையில். இந்த அட்சரேகையில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 109 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 1,350 வரும். போர்ட் பிளேர் சற்றுத் தெற்கே இருப்பதையும் சேர்த்தால் 1,360. இதுதான் மிகக் குறுகிய வழி. கப்பலுக்கென்று பூமி தனியாகச் சுருங்கிக் கொடுக்காது. 1,190 கி.மீட்டரில் கப்பலை நிறுத்தினால் இறங்க வேண்டியது நடுக்கடலில்தான், கரைக்கு இன்னும் 170 கி.மீ. பாக்கி. கடல் மைலைக் கிலோமீட்டர் என்று யாரோ எழுதிவிட்டார்கள் என்ற சமாதானமும் ஒட்டவில்லை. கடல் மைலில் தூரம் சுமார் 735.

அடுத்தது, பயண நேரத்துக்குப் பூமியின் சுழற்சியைக் காரணம் காட்டுவது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது, ஆகவே சென்னையிலிருந்து போகும்போது போர்ட் பிளேர் விலகி ஓடும், திரும்பும்போது சென்னை எதிரே வரும் என்கிறார்கள். இங்கே தரை மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது, விமானத்தின் வேகம் 850 சொச்சம். இந்த வாதம் சரியென்றால் சென்னையில் ஏறியவர் ஒருநாளும் போர்ட் பிளேர் போய்ச் சேர மாட்டார். காற்றும் தரையோடு சேர்ந்தே சுழல்கிறது என்பதை மறந்ததால் வந்த வினை இது.

கொஞ்சம் படித்தவர்கள் வேறு சொல்வார்கள்: மேல்காற்று மேற்கிலிருந்து வீசும், கிழக்கே போனால் சீக்கிரம். நியூயார்க்–லண்டன் தடத்துக்கு அது பொருந்தும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே கதை தலைகீழ். கீழே மேற்குக் காற்று மழையைக் கொண்டுவரும்போது, 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். 1950களில் அதை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம். பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்துக்கும் அதன் வேகத்தில் பங்கு உண்டு. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சென்னைக்குத் திரும்பும் பயணம்தான் பெரும்பாலும் சுருக்கம்.

'ஒரே நாடு, ஒரே மணி, நேர வித்தியாசம் கிடையாது' என்பதைக் கடிகாரம் ஒப்புக்கொள்ளும், சூரியன் ஒப்புக்கொள்ளாது. சென்னையைவிட இங்கே சூரியன் ஐம்பது நிமிடம் முந்துகிறது. டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் பஜாரில் விளக்கு எரியாத கடை இருக்காது.

கடைசியாக, மெயின்லேண்ட்தான் பக்கம், வெளிநாடெல்லாம் தூரம் என்ற நினைப்பு. பாங்காக் இங்கிருந்து சுமார் 900 கி.மீ., புக்கெட் 730கூட இல்லை. 2024 நவம்பரில் ஏர் ஏசியா நேரடி விமானம் விட்ட கோலாலம்பூரோ 1,400, கிட்டத்தட்ட சென்னைத் தூரம். ஆனால் பாங்காக்குக்குச் சென்னை வழியாகப் போகிறவர் கடப்பது 3,600 கி.மீ. அதில் முதல் 1,370 நேர் எதிர்த்திசையில்.