பால்கனித் தொட்டிகளை எடுக்கச் சொல்லும் செயலாளர் தம்பிக்கு

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்வீர்கள்.

சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் என் அக்கா முந்தாநாள் போன் செய்தார். "தம்பி, மாசக் கடைசிக்குள்ள பால்கனியில இருக்கிற பூந்தொட்டியெல்லாம் எடுத்துடணுமாம். நோட்டீஸ் ஒட்டிட்டாங்க" என்றார். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கையெழுத்துப் போட்டிருக்கும் அசோசியேஷன் செயலாளர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்! பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல பையன். சொன்னால் கேட்பான் என்பதால்தான் எழுதுகிறேன்.

தம்பி, மூன்று காரணம் சொல்லியிருக்கிறாய். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கொசு. டெங்கு பயம் நியாயமானது. ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக வெப்பக் காலத்தில் ஏழெட்டு நாள் போதும். அது வளரும் இடம் செடி அல்ல. தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு. வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒட்டிய முட்டை போகத் தேய்த்துக் கழுவினால் தீர்ந்தது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரைப் பார். டெங்குவுக்கு அந்த ஊர் அளவுக்குக் கெடுபிடி வேறெங்கும் குறைவு. வீட்டுக்குள்ளேயே வந்து சோதனை போடுவார்கள். அவர்களும் தொட்டியைத் தடை செய்யவில்லை. இறுகிய மண்ணைக் கிளறிவிடு, தட்டுத் தண்ணீரைக் கொட்டு என்றுதான் மக்களுக்குச் சொல்கிறார்கள். உங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா? ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை யாராவது பார்த்தீர்களா? அதற்கெல்லாம் நோட்டீஸ் கிடையாதா?

இரண்டாவது பாரம். கணக்குப் போடுவோம். 12 அங்குலத் தொட்டியில் செம்மண்ணை நிரப்பி நனைத்தால் ஏறத்தாழ 25 கிலோ. அக்காவிடம் இருப்பது ஒன்பது தொட்டி, 225 கிலோ. வீட்டுப் பால்கனிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. அக்காவின் பால்கனி மூன்று சதுர மீட்டர். நீயே வகுத்துப் பார். மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் எடை இன்னும் இறங்கும். கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த பால்கனி என்றால், அங்கே தொட்டி மட்டுமல்ல, ஆளே நிற்கக் கூடாது. அதற்குப் பொறியாளரைக் கூப்பிடு.

மூன்றாவது, கீழே விழும், கீழ்வீட்டுத் துணியில் சொட்டும் என்கிறாய். இதில் நீ சொல்வது சரி. கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைப்பது குற்றம். அதை நானும் கண்டிக்கிறேன். தொட்டி தரையில், சுவரோரம் இருக்க வேண்டும். அக்கா அப்படித்தான் வைத்திருக்கிறார். தட்டு இருந்தால் சொட்டவும் சொட்டாது.

ஆக, தவறு செய்கிறவரைத் திருத்த வேண்டிய இடத்தில் எல்லோரையும் தண்டித்துவிட்டாய். ஒருவன் பேசினான் என்பதற்காக வகுப்பு முழுவதையும் பெஞ்சு மேல் ஏற்றுவது எனக்கும் ஒரு காலத்தில் பழக்கம்தான். அது தப்பு என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "காய்கறி என்றாலும் பரவாயில்லை, பூ எதற்கு? முழம் வாங்கிக்கொள்ளலாமே" என்று எழுதினாராம். தாராளமாக வாங்கட்டும். நம் கீரமங்கலம் பக்கத்துப் பூ விவசாயிகள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆனால் வாங்குவது வேறு, வளர்ப்பது வேறு.

அத்தான் போன பிறகு திருக்கோகர்ணத்து வீட்டை விற்றார்கள். அன்று அக்கா நகையையோ பாத்திரத்தையோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடிக் குண்டுமல்லியில் பதியன் போட்டு வைத்திருந்த கன்றை மடியில் வைத்துக்கொண்டே காரில் ஏறினார். அது அத்தான் நட்ட கொடி. இப்போது நான்காவது மாடியில் ஒரு தொட்டியில் இருக்கிறது. கார்த்திகையில் கவாத்து செய்து, மாசியில் மொட்டு வந்ததும் எனக்குப் போன் வரும். திருவப்பூர் பூச்சொரிதலுக்குப் போக முடியாத குறையை, அந்த நாலு மொட்டைக் கட்டி சாமி படத்துக்கு வைத்துத் தீர்த்துக்கொள்கிறார். எழுபத்தாறு வயதில் காலையில் எழுந்து செய்ய அவருக்கு இருக்கும் ஒரே சொந்த வேலை இது.

தொலைந்த பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிற ஊர் நம் ஊர். நீயும் தொலைத்த ஜியாமெட்ரி பாக்ஸுக்கு வேண்டிக்கொண்டவன்தான். அந்த மல்லி போனால் வெல்லம் வைத்தாலும் வராது தம்பி.

நோட்டீஸை இப்படி மாற்று: தொட்டி தரையில் மட்டும். தட்டு கட்டாயம். ஞாயிறுதோறும் தட்டைக் கழுவ வேண்டும். தவறினால் அந்த வீட்டுக்கு மட்டும் அபராதம். இவ்வளவு போதும்.

வரும் ஞாயிறு சென்னை வருகிறேன். ஆள் போதாது என்று சொல்லாதே. எந்த வீட்டுத் தட்டைக் கழுவ வேண்டும் என்று சொல், நானே தேய்க்கிறேன். நீயும் ஒரு பிரஷோடு வா.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
திருக்கோகர்ணம்