பணிசெயல் முறைமை: பழக்கமா, உரிமையா?

கணினிகளின் பணிசெயல் முறைமைகளை ஒப்பிட்டுப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே வினாவோடு தொடங்கி அதனோடேயே முடித்துவிடுகின்றனர். எது இலகுவானது என்பதே அவ்வினா. வின்டோஸ் இலகுவானது, மக்கின்டோஷ் அழகானது, லினக்ஸ் கடினமானது என்னும் மூன்று தீர்ப்புகள் ஆராய்ச்சி ஏதுமின்றியே வழங்கப்படுகின்றன. இவ்வாறு தீர்ப்பு வழங்குவோரிற் பலர் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தவர்களல்லர். முதன்முதற் கைக்கு வந்ததைப் பழகி, பழகியதை இலகுவென்று கொண்டு, இலகுவென்று கொண்டதையே சிறந்ததென நிலைநாட்ட முற்படுகின்றனர். தகுதியின் இடத்தைப் பழக்கம் கவர்ந்துகொள்ளும் இந்நிலை எங்கும் கண்டிக்கத்தக்கதே. ஆயின், தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட, வசதி குறைந்த பிரதேசங்களில் இது வெறும் கருத்து மயக்கமன்று, பொருளிழப்பும் மொழியிழப்புமாகும். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை முன்வைத்து இதனை விளக்கலாம்.

கொட்டியார்க் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் அண்டி அமைந்த ஊர் கிண்ணியா. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினராக வாழுமிடம். மீன்பிடியும் வேளாண்மையும் அதன் முதன்மைத் தொழில்கள். 2009 ஒக்டோபர் 20ஆந் திகதி 396 மீற்றர் நீளமான பாலம் திறந்துவைக்கப்படும் வரை, திருகோணமலை நகரை நாடிய கிண்ணியா மக்கள் ‘பாதை’ என்று வழங்கிய மிதவையிலேயே நீரைக் கடந்தனர். பாதை எப்பொழுது புறப்படும், எத்தனை பேரை ஏற்றும், எப்பொழுது நின்றுவிடும் என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை பயணியிடம் இருக்கவில்லை. பாலத்திலோ எவரும் எந்நேரமும் செல்லலாம். போக்குவரத்தில் இவ்வேறுபாட்டை அநுபவித்து அறிந்த மக்கள், கணினித் துறையில் மட்டும் இன்னமும் பாதைத் துறையிற் காத்து நிற்பது ஏன் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2025 ஒக்டோபர் 14ஆந் திகதி இவ்வினாவுக்கு ஓர் அவசரத்தை ஏற்படுத்தியது. 2015இல் வெளியான வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் அன்றோடு பொதுவில் நிறுத்திக்கொண்டது. நிபந்தனைகளோடு கூடிய ஒரு குறுகிய கால நீட்டிப்பே எஞ்சியது. அடுத்த பதிப்பாகிய வின்டோஸ் 11, 2021இல் வெளிவந்தபோதே டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும் அங்கீகரிக்கப்பட்ட செயலியையும் கட்டாயமாக்கியிருந்தது. இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை ஏறத்தாழ எட்டாந் தலைமுறைக்கு, அதாவது 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு, முற்பட்டவை மிகச் சில நீங்கலாகத் தள்ளப்பட்டன.

இதன் பொருளை ஒரு கிராமத்துப் பாடசாலையின் கணினிக்கூடத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். அங்குள்ள கணினி பழுதடையவில்லை. அதன் திரை எரிகிறது, விசைகள் இயங்குகின்றன, நேற்று வரை மாணவர் அதிற் பரீட்சைக்குப் பயின்றனர். ஆயினும் வேறொரு நாட்டிலுள்ள நிறுவனத்தின் கால அட்டவணை அதனைக் காலாவதியானதென்று அறிவித்துவிட்டது. புதியது வாங்க வேண்டும். அன்றேல் பாதுகாப்பின்றித் தொடர வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அமெரிக்க டொலரின் பெறுமதி சில வாரங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்ததைக் கண்ட ஒரு நாட்டில், டொலரில் விலை குறிக்கப்படும் பொருளைக் கல்வியின் அத்தியாவசியமாக்குவது எத்துணைப் பேதைமை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒரு சாரார் குறுக்கிடுவர். இலங்கையில் வின்டோசுக்குப் பணம் செலுத்துவோர் யார், பிரதி எடுத்துத்தானே பயன்படுத்துகின்றனர், ஆகவே விலை ஒரு பொருட்டன்று என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தின் வெளிப்படைத்தன்மை பாராட்டத்தக்கது. அதன் நேர்மை அத்தகையதன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. வகுப்பறையில் அறநெறி போதிக்கும் ஆசிரியர், அடுத்த அறையிற் களவுப் பிரதியை நிறுவிக் கற்பிக்கும் முரண்பாடு நகைப்புக்கிடமானது. மேலும், பூட்டை உடைத்துப் பெற்ற பிரதியோடு எத்தகைய தீநிரல் உள்நுழைந்தது என்பதை நிறுவியவரும் அறியார். ஒரு பென் டிரைவ் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குச் செல்லுகையில் வைரசும் உடன் செல்வது கணினிக்கூடங்களிற் பழகிப்போன காட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, களவுப் பிரதி முற்றுரிமைக்கு எதிரானதன்று, அதன் சேவகனேயாகும். பணம் கொடாத பயனரும் பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறார். பழக்கம் பரவிய இடத்தில் நிறுவனம் ஒருநாள் விலையைக் கேட்கும். அப்பொழுது மாற்றுவழி அறிந்தோர் எவரும் அவ்வூரில் இரார்.

இனி மொழியை நோக்குவோம். வின்டோஸ் 95, 98 ஆகிய பதிப்புகளின் காலத்தில் அம்முறைமைக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளின் மீது தமிழ் உருவங்களைப் போர்த்திய பாமினி முதலான எழுத்துருக்களே ஈழத்தவருக்குக் கைகொடுத்தன. அப்பணி மறக்கத்தக்கதன்று. ஆயின், பாமினி இல்லாத கணினியிலே திறந்தால் ‘தமிழ்’ என்னும் சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதைந்து நிற்கும். 1991இலேயே யுனிகோட் தமிழுக்கு இடமளித்திருந்தது. 2000ஆம் ஆண்டின் வின்டோஸ் 2000 யுனிகோட் தமிழைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. மைக்ரோசொப்டைச் சாடுவோர் இவ்வுண்மையை மறைத்தல் முறையன்று. மக்கின்டோஷிலும் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் ‘இணைமதி’ எழுத்துரு இடம்பெற்றமை தமிழ்க் கணிமை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியே. இவ்வளவு வாய்ப்பு வந்த பின்னரும் அறிக்கைகளையும் வினாத்தாள்களையும் பாமினியிலேயே தட்டச்சுச் செய்வோர் உளரெனின், அது முறைமையின் குற்றமன்று, பழக்கத்தின் குற்றம். பழக்கத்துக்கு அடிமைப்படுதல் எவ்வளவு நீண்டகாலம் நிலைக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

லினக்ஸ் இவ்விடத்தில் வேறொரு தன்மையைக் காட்டுகின்றது. 1983இல் றிச்சர்ட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டமும் 1991இல் பின்லாந்து மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருநிரலும் இணைந்து உருவான இம்முறைமையின் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்து அயலவர்க்கு வழங்கலாம். அவ்வாறு வழங்குதல் குற்றமன்று, உரிமை. அதன் கே.டி.ஈ. என்னும் திரைச்சூழலைத் தமிழாக்கியவர்கள் சம்பளம் பெற்ற பணியாளர்களல்லர். பல நாடுகளிலும் வாழ்ந்த தமிழ்த் தன்னார்வலர்கள். இலங்கைத் தட்டச்சுமுறையைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையும் லினக்சின் உள்ளீட்டுத் தொகுதியான எம்17என்னில் இடம்பெற்றுள்ளது. இத்தமிழாக்கங்களில் முரடான சொற்களும் பிழைகளும் உள என்பது உண்மை. ஆயின் வேறுபாடு பிழையின் அளவிலன்று, திருத்தும் உரிமையிலேயே தங்கியுள்ளது. தமிழ்நாட்டார் ‘இயங்குதளம்’ என்பதை இலங்கைப் பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ என்கின்றது. தன் மாணவன் கற்ற சொல்லே திரையிலும் தோன்ற வேண்டுமென்று கிண்ணியாவின் ஆசிரியர் ஒருவர் விரும்பினால், கட்டற்ற மென்பொருளில் அவரே மாற்றியமைக்கலாம். மூடிய முறைமையில் அவர் விண்ணப்பிக்கலாம், முடிவு பிறருடையது.

அடுத்து எழுவது வேலைவாய்ப்புப் பற்றிய தடை. அலுவலகங்கள் வின்டோசையும் மைக்ரோசொப்ட் ஒபிசையுமே பயன்படுத்துகையில் மாணவனுக்கு வேறொன்றைக் கற்பிப்பது அவனது வாழ்வைக் கெடுப்பதாகாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தொழில் முக்கியம். ஆயின் எதனைக் கற்றவன் தொழிலில் நிலைப்பான் என்பதை வரலாறு காட்டியிருக்கின்றது. ஒபிஸ் 2007 பழைய பட்டியல்களை நீக்கி நாடா வடிவான பட்டையைப் புகுத்தியது. 2012இல் வந்த வின்டோஸ் 8 ‘ஸ்டார்ட்’ பொத்தானையே அகற்றியது; எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த ஆண்டு 8.1இல் அது மீட்கப்பட்டது. பொத்தான் இருக்கும் இடத்தை மனனஞ் செய்தவன் ஒவ்வொரு முறையும் தடுமாறினான். கோப்பு யாது, அது எங்கே சேமிக்கப்படுகின்றது, அட்டவணை எவ்வாறு கணிக்கின்றது என்பவற்றை விளங்கிக்கொண்டவன் தடுமாறவில்லை. இரு முறைமைகளைப் பழகிய மாணவனே அவ்விளக்கத்தைப் பெறுகிறான். ஒன்றையே பழகியவன் அம்முறைமையின் வழக்கங்களைக் கணினியின் இயல்புகளென்று மயங்குகிறான். மேலும், உலகின் மிக விரைவான 500 கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்சிலேயே இயங்குகின்றன. அன்ட்ரொயிட் கைபேசிகளின் அடித்தளமும் லினக்ஸ் கருநிரலே. தன் சட்டைப்பையில் உள்ள ஒன்றைக் கடினமென்று அஞ்சும் வேடிக்கை வேறெத்துறையிலும் இராது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் எனின், கேரளம் மறுமொழி தருகின்றது. 2001இல் அங்கு தொடங்கிய பள்ளித் தகவற் தொழினுட்பத் திட்டம் சில ஆண்டுகளுள் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. வெளியிலிருந்து வல்லுநரைத் தருவிக்காது, ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கியமை அதன் வெற்றிக்குக் காரணம். இதற்கு மாறாக, ஜேர்மனியின் மியூனிக் நகராட்சி ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்சுக்கு மாற்றிப் பின்னர் 2017இல் வின்டோசுக்குத் திரும்பத் தீர்மானித்தது. தொடர்ந்த நிர்வாக உறுதி இன்றேல் சிறந்த முறைமையும் கைவிடப்படும் என்பதே அதன் படிப்பினை.

இலங்கையிலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா உட்படக் கிழக்குக் கரையெங்கும் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றபோது, இடம்பெயர்ந்தோரையும் காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் விரைந்து உருவாக்கிய மென்பொருள் ‘சஹானா’. சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். அது கட்டற்ற மென்பொருட்களைக் கொண்டே கட்டப்பட்டது. உரிமம் கேட்டு எவர் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெய்ட்டிப் பேரிடரிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குரியதாயிற்று. பிறர் ஆக்கியதைப் பழகுவோராக மட்டுமே இந்நாட்டவர் இருக்க வேண்டும் என்பது விதியன்று என்பதை அம்முயற்சி நிறுவியது.

லினக்சின் குறைகளை மூடிமறைப்பது அதன் நண்பர்களுக்கு அழகன்று. சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் அதனோடு இணங்க மறுக்கின்றன. அச்சகத்தார் நம்பியிருக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருட்கள் சிலவும் கணக்கியல் மென்பொருட்கள் சிலவும் அதற்குக் கிடையா. பழுதுற்றால் அதனை அறிந்த திருத்துநர் அயலில் இருப்பது அரிது. ஆதலின் எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றுக என்று கோருவது அறிவுடைமையாகாது. அச்சகத்தில் மக்கின்டோஷும் அலுவலகத்தில் வின்டோசும் தத்தம் பணியைச் செய்யட்டும். கோரப்படுவது வேறு. கற்பிக்கும் இடம் ஒரு நிறுவனத்தின் பயிற்சிக்கூடமாக இருத்தலாகாது என்பதே கோரிக்கை.

இதன் செயல்வடிவம் மூன்று படிகளில் அடங்கும். வின்டோஸ் 11ஐ ஏற்காதனவென்று ஒதுக்கப்படும் பாடசாலைக் கணினிகளை விற்கவோ வீசவோ முன்னர், குறைந்த நினைவகத்தில் இயங்கும் லினக்ஸ் பதிப்பொன்றை அவற்றில் நிறுவிப் பார்த்தல் வேண்டும். ஊரின் பாடசாலைகளும் அலுவலகங்களும் தம் தமிழ் ஆவணங்களை யுனிகோடிலேயே ஆக்கவும் பெறவும் உறுதிபூண வேண்டும். எம்முறைமைக்குச் சென்றாலும் சிதையாத எழுத்தே எம்முறைமையையும் தெரிந்தெடுக்கும் உரிமையைத் தரும். மூன்றாவதும் தலையாயதும் பல்கலைக்கழகத்தாரின் கடமை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கிண்ணியாவிலிருந்து எட்டாத் தொலைவிலன்று. கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர் விடுமுறையில் ஒரு வாரத்தை ஒதுக்கி ஊர்ப் பாடசாலையின் இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றினால், திருத்துநர் இல்லை என்ற குறை அவ்வூரளவில் நீங்கும். கேரளம் தொடங்கிய இடமும் அதுவே.

இவற்றுட் பெருஞ்செலவை வேண்டுவது ஒன்றுமில்லை. வேண்டப்படுவது, பழகியது சிறந்தது என்னும் மயக்கத்தைக் கைவிடும் துணிவு மட்டுமே. கிண்ணியா மக்கள் பாலம் வேண்டுமென்று கேட்ட காலத்தில், பாதையே பழகிவிட்டது, அது போதும் என்று அவர்கள் கூறியிருப்பின் இன்றும் துறையடியிற் காத்து நின்றிருப்பர். கணினிக்கூடத்துப் பிள்ளைக்கும் அப்பாலத்தைக் கேட்கும் உரிமை உண்டு.