கேட்போர் இல்லாத பாட்டு

அமெரிக்கத் தென் மாநிலங்களில், குறிப்பாக ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் வழங்கிவரும் 'சேக்ரட் ஹார்ப்' கூட்டுப்பாடலின் ஒலிப்பதிவு ஒன்றை அண்மையில் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். ஆலன் லோமாக்ஸ் 1959-இல் அலபாமாவில் பதிவு செய்தது. அரை நிமிடம் கேட்டவர், "ஒரே இரைச்சலாக இருக்கிறதே" என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் அமர்ந்திருந்த இடம்தான் பிழை என்பது என் எண்ணம்.

1844-இல் பி. எஃப். வைட், ஈ. ஜே. கிங் இருவரும் வெளியிட்ட தொகுப்பு நூலின் பெயரே இம்மரபுக்கும் பெயராயிற்று. முறையான இசைப்பயிற்சி இல்லாதவரும் ஏட்டைப் பார்த்துப் பாட வேண்டும் என்பதற்காக, 1801-இல் வெளிவந்த 'ஈஸி இன்ஸ்ட்ரக்டர்' என்னும் நூலின் வழியில் சுரங்களுக்கு வடிவம் கொடுத்தார்கள். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, சாய்சதுரம் மி. நான்கே பெயர்கள், மூன்று பெயர்கள் இருமுறை வந்து ஏழு சுரங்களையும் நிரப்பிவிடுகின்றன. சுருதியும் நம் சட்ஜமத்தைப் போலத்தான். அன்று குரலெடுத்துக் கொடுப்பவர் வைத்ததே ஆதாரம்.

பாடுவோர் டெனர், டிரெபிள், ஆல்ட்டோ, பேஸ் என நாற்புறமும் சதுரமாக, ஒருவரையொருவர் நோக்கி அமர்கிறார்கள். நடுவே நின்று பாட்டை நடத்தும் உரிமை முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வரும், சிறுவருக்கும் உண்டு. முதலில் வடிவங்களின் பெயர்களைப் பாடி, அதன்பின் பாட்டின் சொற்களுக்கு வருவார்கள். இசைக்கருவி இல்லை, ஒத்திகை இல்லை, அவையோரும் இல்லை. நான்கு குரல்களும் வந்து சேருமிடம் அந்த நடுப்புள்ளி. ஒலிப்பெட்டியின் முன் அமர்ந்தவருக்கு வாய்ப்பதோ சதுரத்தின் வெளிப்புறம்.

லோவெல் மேசன் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் இவ்வகைப் பழம்பாட்டைக் கரடுமுரடெனத் தள்ளி, ஐரோப்பிய நயத்தை நகரங்களில் புகுத்தினார்கள். அவர்கள் செவியும் வெளியே நின்ற செவிதான். 2003-இல் 'கோல்ட் மவுன்டன்' திரைப்படத்தில் இப்பாடல்கள் ஒலித்தபின் வெளியுலகக் கவனம் பெருகியது. நல்லதே. ஆயினும் இதை மெருகேற்றி மேடைக்குக் கொண்டுவரலாம் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. மேடை ஏறினால் சதுரத்தின் ஒரு பக்கம் திறந்தாக வேண்டும்; ஒருவர் முதுகையேனும் திருப்பியாக வேண்டும்.

இம்மரபைப் பொன்னுலகாக்கிப் பேசவும் நான் விரும்பவில்லை. நிறப்பிரிவினை இதையும் விட்டுவைக்கவில்லை. 1934-இல் அலபாமாவின் கறுப்பினப் பாடகர்கள் தமக்கெனத் தனித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது தனி வரலாறு. மேலும், நானே ஒலிப்பதிவு வழியாக மட்டும் அறிந்தவன். அந்தச் சதுரத்தில் ஒருநாளும் அமர்ந்ததில்லை.

என்னை மிகவும் ஈர்ப்பது அவர்களுடைய நினைவுப் பாடல் வேளை. அவ்வாண்டில் மறைந்தவர்களின் பெயர்களைப் படித்து அவர்களுக்காகப் பாடுகிறார்கள். நோயுற்று வர இயலாதவர்களுக்காகவும் ஒரு பாட்டு. கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் அருகருகே அமர்ந்து பாடுகிறார்கள். நண்பகலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்டு, மீண்டும் சதுரத்துக்குத் திரும்புகிறார்கள்.

நண்பர் அடுத்த முறை வரும்போது ஒலிப்பெட்டியைத் தொடுவதாக இல்லை. நான்கு வடிவங்களையும் தாளில் வரைந்து கொடுத்து, அவரையும் உடன் பாடச் சொல்வதாக இருக்கிறேன்.