கையெழுத்துக்கு முன் சொல்லின் பொருள்!

தேவகோட்டையில் இங்கிலீஷ் கற்றுத்தருவதாகச் சொல்லும் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. முப்பதே நாளில் பேசலாம், வியாபாரம் நடத்தலாம், சிங்கப்பூருக்கே போய் வரலாம்! இந்தப் பலகைகளைக் கண்டு நையாண்டி செய்பவர்கள் அல்லர் நாம். ஆங்கிலம் வேண்டும் என்பது நமது கொள்கை. 1968 ஜனவரி 23-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறிய இருமொழித் தீர்மானம், தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்தே ஏற்றது. ஆனால் எந்தச் சொல்லை, எதற்காக, யார் கற்பது? அதைத்தான் தொழிலாளத் தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

ஆங்கிலம் இல்லாவிட்டால் வாணிபமே இல்லை என்று சில மேதாவிகள் சொல்லுகிறார்கள். எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லுகிறார்கள்? தேவகோட்டையிலா? இந்த மண்ணிலிருந்து கப்பலேறிய நகரத்தார் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரங்கூனிலும் சைகோனிலும் லேவாதேவிக் கடை வைத்தார்களே, கணக்கை எந்த மொழியில் எழுதினார்கள்? தமிழில் எழுதினார்கள். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் தமிழ். முதலாளிக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்த வட்டிக்கு நடப்பு வட்டி என்று பெயர். பதினாறில் ஒன்றான மாகாணியையும் முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரியையும் சிறுவர்கள் மனக்கணக்காகவே போட்டார்கள். 1929-30-ல் அமைந்த பர்மா மாகாண பாங்கு விசாரணைக் குழு, இந்த முறையை ஆராய்ந்து பக்கம் பக்கமாக எழுதிற்று.

செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பல்லாண்டு பாட இதைச் சொல்லவில்லை. அந்த வட்டிப் பணத்தில் உழைப்பாளிக்கு என்ன பங்கு வந்தது என்ற கேள்வி நம்மிடம் எப்போதும் உண்டு. தமிழில் வாணிபச் சொல் கிடையாது என்பது பொய் என்பதற்காகவே சொல்லுகிறோம். சரக்கு வைக்கும் இடத்தை 'கோடவுன்' என்று நாகரிகமாகச் சொல்லுகிறார்களே, அது மலாய் மொழியின் 'குடாங்' வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதற்கும் மூலம் நம் கிடங்கும் தெலுங்கின் கிட்டங்கியுமே என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. நகரத்தார் அயல்நாட்டில் பலராகக் கூடிக் கடை நடத்திய கட்டடத்துக்கும் கிட்டங்கி என்றே பெயர்! 'கேஷ்' என்ற சொல்லுக்கு ஆதியில் பணப்பெட்டி என்று பொருள். ஆக, இன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேஷியர், அன்றைய பெட்டியடிப் பையனின் சொந்தக்காரர்தான்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பர்மிய உழவனுக்கு அந்தத் தமிழ்ப் பேரேடு படிக்க முடியாத எழுத்து. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-ல் நூற்றுக்கு 25 பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் நின்றது, நிலம் கைமாறியது. வட்டிக்காரருக்கும் அது வாழ்வாக முடியவில்லை. போரும், 1948-ன் நில தேசியமயச் சட்டமும், 1960-களின் இராணுவ ஆட்சியும் எல்லாவற்றையும் பறித்து ஊருக்கு அனுப்பின. கடனில் விழுந்த உழவன், தனக்கு எழுதிய கணக்கைத் தானே படிக்க முடியாதவனாக நின்றான். இந்த ஒன்றைத் தோழர்கள் நெஞ்சில் வைக்க வேண்டும். ஏனென்றால் இன்று அந்த இடத்தில் நிற்பவர் நம்மவர்.

தவணைக்கு ஆட்டோ வாங்கும் தோழரைப் பாருங்கள். இருபது பக்கத் தாள். பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்து. அதில் 'ஹைபாத்திகேஷன்' என்று ஒரு சொல். வண்டி உன் கையில் ஓடும், அதன்மேல் பிடி கடன் கொடுத்தவனுக்கு என்று பொருள். 'கேரண்டர்' என்று இன்னொரு சொல். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போடுகிறார். அது சாட்சியல்ல, ஜாமீன்! 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தாளில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரச் சொல் 'ஃபிளாட் ரேட்'. ஒரு லட்சம் கடன், ஓராண்டு, வட்டி 12 சதவீதம் என்கிறார்கள். மாதம் சுமார் 9,333 ரூபாய், மொத்தம் 1,12,000. சரிதானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு லட்சத்துக்கும் வருடம் முழுவதும் போட்டபடியே நிற்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்த வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது! ஃபிளாட் என்றால் சமம் என்று அகராதியில் பார்த்தவருக்கு இது விளங்குமா?

அரசாங்க விதி இல்லாமல் இல்லை. கடனின் முக்கிய விவரங்களைத் தனித் தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், வாயாலும் விளக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2024 ஏப்ரல் 15-ல் ஆணையிட்டது. 2024 அக்டோபர் முதல் தரும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் அது பொருந்தும். கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதும் அந்தத் தாளில் இருந்தாக வேண்டும். தமிழில் கேட்பது சலுகை அல்ல, உரிமை. கேட்கிறோமா? கவுண்டரில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பாரோ என்று கூச்சப்பட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

தமிழில் தாள் வந்துவிட்டால் ஆங்கிலம் எதற்கு என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வ.சுப. மாணிக்கனார் சிறு வயதில் பர்மாவில் கடைப் பையனாக வேலை பார்த்தவர். பிற்காலத்தில் தமிழ்வழிக் கல்விக்காக இயக்கமே கண்டார். அவர் வழி நம் வழிதான். ஆனால் துபாய்க்குப் போகும் கொத்தனாருக்கு நீட்டப்படும் வேலை ஒப்பந்தம் தமிழில்தான் கைக்கு வரும் என்று நம்பியிருக்க முடியாது. 'டிடக்‌ஷன்' என்ற சொல்லுக்குக் கீழே சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்தம் என்று இருக்கிறதா, 'ஓவர்டைம்' என்ற சொல்லே இல்லாமல் போயிருக்கிறதா என்று விமானம் ஏறுமுன் பார்க்கத் தெரிய வேண்டும். அங்கே போய் அகராதியைப் புரட்டிப் பயனில்லை.

அதற்கு மூன்று மாத வகுப்பும் வேண்டாம், முழு இலக்கணமும் வேண்டாம். கூலிச் சீட்டிலும் கடன் தாளிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் திரும்பத் திரும்ப வருகிற நூறு சொற்கள் போதும். ஊரிலே கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், படிப்பகம் இருக்கிறது, மாலை நேரமும் இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும் தோழர்கள் தத்தம் வீட்டுக் கடன் தாளைக் கையோடு கொண்டு வரட்டும். முதல் சொல்லாக 'கேரண்டர்' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அங்கேயே சிலர் இருப்பார்கள்.