கேளாமலே ஒரு தீர்ப்பு

 

கருத்துரிமை என்ற சொல்லைக் கேட்டதும், அது பத்திரிகையாளர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் உரிய விவகாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கின்றோம். ஆனால் இன்று கைப்பேசி இல்லாத இல்லம் ஏது? ஜமாஅத் செய்தி முதல் ஜனாஸா அறிவிப்பு வரை வாட்ஸ்அப் வழியேதான் வருகின்றது. எழுதுவோரும் நாமே, வெளியிடுவோரும் நாமே என்றாகிவிட்ட காலம் இது. எனவே, இணையத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, அதை முடிவு செய்வது யார் என்னும் கேள்வி நம் அடுக்களை வரை வந்துவிட்டது. இம்மாதம் அது பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

இரு கேலிச்சித்திரங்கள்

நம் தஞ்சைத் தரணியின் திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் வளர்த்தெடுத்த இதழ் ஆனந்த விகடன். 1987ஆம் ஆண்டு அதன் அட்டையில், சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெளிவந்தது. சட்டமன்றம் சினம் கொண்டது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழவே, சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் நீதிமன்றம் சென்று, 1994இல் அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் பெற்றார்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டு இராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டனர். அதையொட்டி, அமெரிக்க அதிபரின் அருகில் நம் பிரதமர் விலங்குகளோடு அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இணைய இதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. பிப்ரவரி 15 மாலை முதல் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. முன்னறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றது அந்நிறுவனம். விசாரணைக்கான அழைப்பு அதன் பிறகே வந்தது. மார்ச் 6ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்குமாறும், தளத்தின் மீதான முடக்கத்தை விலக்குமாறும் உத்தரவிட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேற்றுமையை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 1987இல் தண்டித்தவர் யார், எதற்காகத் தண்டித்தார் என்பதை நாடே அறிந்திருந்தது. ஆகவே எதிர்ப்புக் குரலும் உடனே எழுந்தது. அச்சிட்ட இதழோ அதற்குள் இல்லந்தோறும் போய்ச் சேர்ந்திருந்தது. 2025இலோ, ஒரு சித்திரத்துக்காக ஒரு தளம் முழுவதும், அதில் இருந்த பல்லாயிரம் பக்கங்களோடு, ஒரு மாலைப் பொழுதில் மறைந்தது. ஒரு வாய்க்காலில் உப்பு நீர் கலந்தது என்பதற்காகக் கல்லணையையே மூடுவாருண்டோ?

செத்தும் சாகாத சட்டம்

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ விளைவிக்கும் செய்திகளை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எரிச்சலுக்கு அளவுகோல் எது? ஒருவருக்குச் சிரிப்பூட்டும் சொல் இன்னொருவருக்கு எரிச்சலூட்டுமே!

2012 அக்டோபரில், ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவர் கைதானார். அடுத்த மாதம், பால் தாக்கரேயின் இறுதி ஊர்வலத்தையொட்டி மும்பை அடங்கிக் கிடந்தது ஏன் என்று முகநூலில் கேட்ட 21 வயது முஸ்லிம் பெண் பால்கரில் கைது செய்யப்பட்டார். அதற்கு விருப்பம் தெரிவித்த அவருடைய தோழியும் உடன் கைதானார். அப்பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனை சூறையாடப்பட்டது. கேள்வி கேட்டவர் இரவில் காவல் நிலையம் கண்டார்!

சட்டக் கல்வி பயின்று வந்த ஓர் இளம்பெண் தொடுத்த ஷ்ரேயா சிங்கால் வழக்கில், 2015 மார்ச் 24ஆம் நாள் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ பிரிவை அடியோடு நீக்கினர். ஒரு கருத்தை விவாதிப்பதும், அதற்காக வாதாடுவதும் உரிமை; வன்செயலுக்குத் தூண்டும் கட்டத்தை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் அதன் பின்னரும் பல மாநிலங்களில் காவல்துறை அதே பிரிவில் வழக்குகள் பதிந்து வந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் இது கண்டு அதிர்ச்சி தெரிவித்தது. இனி எவர் மீதும் அப்பிரிவில் வழக்கு நடத்தக் கூடாதென 2022 அக்டோபரில் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

அதே 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது அமைதி ஆகிய காரணங்களுக்காக இதைப் பயன்படுத்தலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். குழு ஆராய வேண்டும் என்ற பாதுகாப்புகள் உண்டு. ஆயினும், அவசரம் எனக் கருதினால் முதலில் முடக்கிவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கலாம். 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆம் விதியோ புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கின்றது. காரணமே தெரியாதவன் எதை எதிர்த்து நீதி கேட்பான்?

ஒரு பக்கத்தை அல்ல, ஊரையே இருளில் ஆழ்த்துவதும் உண்டு. 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் சென்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. அது ரமளான் மாதம். வளைகுடாவிலிருக்கும் மகனோடு பேச இணையத்தையே நம்பியிருந்த காயல்பட்டினத்து, மேலப்பாளையத்து இல்லங்களும் அந்த இருளில் அடங்கும்.

மார்க்கம் காட்டும் வழி

யமன் நாட்டுக்கு நீதி வழங்க அலீ (ரலி) அவர்களை அனுப்பியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் நூல்களில் இடம்பெறுகின்றது. ஒருவர் சொல்வதைக் கேட்டது போன்றே மற்றவர் சொல்வதையும் கேட்கும் வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என்பதே அது. ஒரு சிறு வழக்குக்கே இந்நெறி என்றால், இலட்சக்கணக்கானோர் படிக்கும் ஒரு தளத்தைக் கேளாமலே மூடுவது எந்த நீதியில் சேரும்? கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள், தாம் தவறு செய்தால் தம்மைத் திருத்துமாறு மக்களையே கேட்டுக் கொண்டார்கள். ஆள்வோரைத் தட்டிக் கேட்பது நம் மரபில் குற்றமன்று, அது கடமை.

அதே நேரம், நாவுக்குக் கடிவாளம் வேண்டாம் என்று மார்க்கம் சொல்லவில்லை. கேலி, பட்டப்பெயர், வீண் சந்தேகம், புறம் ஆகியவற்றைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் கடிந்து விலக்குகின்றது. 2022 ஜனவரி முதல் நாள், நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலப் பொருளாக்கி 'புல்லி பாய்' என்ற செயலி வெளியானதே, அதைக் கருத்துரிமை என்று எவர் கூறுவார்? அது கருத்தன்று, மானத்தின் மீதான தாக்குதல். பாதிக்கப்பட்டோர் புகார் அளித்தனர். வழக்குப் பதிந்து, புலனாய்வு நடத்தி, அந்த மாதமே காவல்துறை சிலரைக் கைது செய்தது. குற்றம் இன்னதென்று சொல்லி, நீதிமன்றத்தின் முன் நிறுத்தும் வழி அது. அவ்வழி இருக்கும்போது இருட்டறை ஆணைகள் எதற்கு?

நமக்கும் ஒரு கேள்வி

இவ்விடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. 2012 செப்டம்பரில் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் காட்சி யூடியூபில் பரவியபோது, சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் சமுதாயம் திரண்டது. அக்காட்சி இந்தியாவில் தெரியாதபடி தடுக்கவும்பட்டது. நம் வேதனை நியாயமானது. ஆனால் நமக்குப் பிடிக்காததை மறைக்கும்போது மகிழ்ந்து, நம் குரலை மறைக்கும்போது மட்டும் நீதி பேசினால், நம் பேச்சுக்கு மதிப்பிருக்குமா? பெரும்பான்மையோரின் எரிச்சலே சட்டமாகிவிட்டால், முதலில் வாய் மூட வேண்டியவர் சிறுபான்மையோரே என்பதற்குப் பால்கர் சாட்சி. ஆகவே தடை கோரும்போதும், தடையை எதிர்க்கும்போதும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள், மறுதரப்பையும் கேளுங்கள், குற்றத்தின் அளவுக்கு மேல் கை வைக்காதீர்கள்.

இல்லத்தில் நாம் செய்யக் கூடியதும் உண்டு. வந்த செய்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்பாதிருப்போம். பொய்ச் செய்திகளே தடைச் சட்டங்களுக்கு நல்ல சாக்கு. அவதூறுக்கு ஆளானால் பதிலுக்கு வசைபாடாமல், ஆதாரத்தைப் பத்திரப்படுத்தி இணையக் குற்றப் பிரிவில் புகார் அளிப்போம். நம் பிள்ளைகளுக்கு அச்சத்தை அல்ல, நிதானத்தைக் கற்பிப்போம். உண்மையை அழகிய முறையில் சொல்லப் பழகிய தலைமுறையை எவரும் எளிதில் ஊமையாக்க முடியாது.

உண்மையைச் சொல்லும் துணிவையும், பிறர் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.